தன் குரல் தனக்குக் கேட்க

(இளம் கர்நாடக இசைக் கலைஞர்களுக்கான பயிலரங்கில் ஓர் ஒலியமைப்பாளர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கச்சேரி தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வர்ணம் இன்னும் முடியவில்லை. பாடகர் வலது கையால் தாளம் போட்டபடியே இடது கை ஆள்காட்டி விரலை மேல்நோக்கி இரண்டு முறை அசைக்கிறார். அவர் கண் மேடை ஓரத்தில் மைக்செட்காரரைத் தேடுகிறது. மைக்செட்காரர் ஏற்றிக் கொடுக்கிறார். அடுத்த நிமிடம் வயலின்காரரின் வில் நுனி அதே மாதிரி மேலே காட்டுகிறது. அதையும் ஏற்றுகிறார். அடுத்து மிருதங்கக்காரர் தலையை அசைக்கிறார். அவருக்கும் ஏற்றி முடிப்பதற்குள் மேடை முழுவதும் ஊளையிடுகிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் காதைப் பொத்திக்கொள்கிறார். பாடகர் பிடித்து வைத்திருந்த சங்கதி அறுந்துபோகிறது.

மிக்ஸருக்குப் பின்னால் நின்று முப்பது வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விரல் அசைத்தவர்மேல் குற்றமில்லை, ஏற்றிக் கொடுத்தவர்மேலும் குற்றமில்லை. பொருந்தாத மானிட்டர், அதாவது கலைஞர் தன்னைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர் பெட்டி, பொருந்தாத இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். ஒரு கலைஞர் ஐந்து மாதம் உழைத்துத் தயாரித்த பல்லவி அந்தப் பெட்டியால் கெட்டுப்போவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கும்.

இங்கே வருவதற்கு முன்னால் உங்களில் நாலைந்து பேர் தொலைபேசியில் கேட்டீர்கள்: "அண்ணா, சொந்தமா ஒரு மானிட்டர் வாங்கி வெச்சுக்கலாம்னு இருக்கேன். எத்தனை வாட் வாங்கலாம்?" வாட் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நான் எப்படி உட்கார்கிறேன்? என் காதுக்கும் பெட்டிக்கும் எவ்வளவு தூரம்? அந்தப் பெட்டியிலிருந்து எனக்கு என்னதான் கேட்க வேண்டும்? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் நீங்கள் வாங்கப்போவது நினைத்ததைவிடச் சின்னப் பெட்டியாகத்தான் இருக்கும்.

முதலில், மானிட்டர் எதற்கு? அந்தக் காலத்தில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடக மேடையில் மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை எட்டப் பாடியவர்கள். அப்படிப் பாடுகிறவர் கேட்டதும் ரசிகர் கேட்டதும் ஒரே குரல். 1930களில் மைக் கச்சேரிக்குள் வந்த பிறகு ஒலி இரண்டாகப் பிரிந்தது. பெரிய ஸ்பீக்கர்கள் ரசிகர்களைப் பார்த்து நிற்கின்றன, கலைஞர் அவற்றின் முதுகுப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். ஸ்பீக்கரிலிருந்து கீழ் ஒலி, அதாவது பாஸ், நாலா பக்கமும் பரவும், மேல் ஒலி முன்னால் மட்டும் போகும். ஆகவே மேடைக்கு வந்து சேர்வது தெளிவில்லாத ஒரு முழக்கம் மட்டும்.

அதோடு போகவில்லை. அரங்கின் பின்சுவர் மேடையிலிருந்து 25 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குரல் அங்கே போய் மோதித் திரும்ப 50 மீட்டர். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 346 மீட்டர் போகும். திரும்பி வர 145 மில்லி நொடி ஆகிறது. இப்போது கல்பனாஸ்வரம் பாடுங்கள். ஓர் அட்சரம் ஒரு நொடி, அதில் எட்டு ஸ்வரம் என்றால் ஒரு ஸ்வரத்துக்கு 125 மில்லி நொடி. நீங்கள் காந்தாரத்தில் இருக்கும்போது ஒரு ஸ்வரத்துக்கு முன் பாடிய ரிஷபம் சுவரிலிருந்து உங்கள் காதுக்கு வருகிறது! பெரிய மண்டபங்களில் வேகமாகப் பாடும்போது காலப்பிரமாணம் இழுபடுவதற்கு இது ஒரு காரணம். அந்தப் பழைய ஒலி வந்து சேர்வதற்குள், இப்போதைய ஒலியைப் பக்கத்திலிருந்து தெளிவாகக் கொடுக்கத்தான் மானிட்டர்.

தன் குரல் கேட்காதபோது தொண்டை என்ன செய்யும் என்பதை எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எழுதி வைத்தார். காது, மூக்கு, தொண்டை மருத்துவர் அவர். நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போது காதில் இரைச்சலைக் கொடுத்தால் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறார், இரைச்சலை நிறுத்தினால் குரலும் இறங்கிவிடுகிறது. இது வேண்டுமென்று செய்வது இல்லை, வேண்டாமென்று அடக்குவதும் கடினம். மார்கழியில் ஒரே வாரத்தில் மூன்று கச்சேரி பாடிவிட்டுத் தொண்டை கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். மிளகுப்பாலும் பனங்கற்கண்டும் சாப்பிடச் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த மூன்று மேடையிலும் தன் குரல் அவருக்கு எப்படிக் கேட்டது என்று யாரும் கேட்பதில்லை.

தன் ஒலி தனக்குக் கேட்காத மேடைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் ராக் குழு 55,000க்கும் மேற்பட்டவர்கள் முன்னால் வாசித்தது. அந்தச் சுற்றுப்பயணத்துக்காக வாக்ஸ் நிறுவனம் 100 வாட் ஆம்ப்ளிஃபயர்களைச் செய்து கொடுத்திருந்தது. கலைஞர்களை நோக்கித் திருப்பிய ஸ்பீக்கர் என்று எதுவும் கிடையாது. கூட்டத்தின் கூச்சலில் டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டாருக்குப் பாட்டே கேட்கவில்லை. முன்னால் நிற்பவர்களின் உடல் அசைவைப் பார்த்துத்தான் பாட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டதாக அவர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். உலகத்தின் மிகப் பெரிய குழு அன்றைக்குக் கண்ணால் தாளம் பிடித்திருக்கிறது. பிறகு வந்த வருடங்களில் ராக் மேடைகளில் தரையில் சாய்ந்து கிடக்கும் முக்கோணப் பெட்டி வழக்கமாகிப்போனது. நாம் 'வெட்ஜ்' என்று சொல்வது அதைத்தான்.

இனிச் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். அந்த முக்கோணப் பெட்டி யாருக்காகச் செய்யப்பட்டது? நின்றுகொண்டு பாடுகிறவருக்காக. அவருடைய காது தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெட்டி ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறது. அதனால் அதன் முகத்தை 45 பாகை அளவுக்கு மேல்நோக்கிச் சாய்த்திருக்கிறார்கள். நாம் சம்மணமிட்டு உட்கார்கிறோம். நம் காது தரையிலிருந்து ஏறக்குறைய 80 சென்டிமீட்டரில் இருக்கிறது. அதே பெட்டியை அதே தூரத்தில் வைத்தால் அதன் நேர்க்கோடு நம் உச்சந்தலைக்கு இரண்டு சாண் மேலே போய்விடுகிறது. மேல் ஒலி, அதாவது குரலின் தெளிவு, அந்த நேர்க்கோட்டில்தான் போகும். பாடகரின் தலைக்கு மேலே தெளிவு பறக்கிறது, அவர் மடியில் வந்து விழுவது கும்மென்ற கீழ் ஒலி. "கேக்கலை, கேக்கலை" என்று அவர் விரல் அசைப்பது ஒலி போதாததால் இல்லை. ஒலி வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டியின் நடு தரையிலிருந்து 15 சென்டிமீட்டர், காது 80 சென்டிமீட்டர், தூரம் 1.3 மீட்டர். தேவைப்படும் சாய்வு 27 பாகைக்கும் குறைவு. ஆகவே பெட்டி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது சாய்வு. சில பெட்டிகளை இரண்டு விதமாகச் சாய்த்து வைக்கலாம், குறைவான சாய்வு எது என்று பாருங்கள். சின்னப் பெட்டிகள் சிலவற்றை மைக் ஸ்டாண்டிலேயே மாட்டிக் காதுக்கு நேராகத் திருப்ப முடியும். மேக்கி எஸ்ஆர்எம்150 அந்த வகை. ஐந்தேகால் அங்குல ஸ்பீக்கர் ஒன்று, உள்ளேயே ஆம்ப்ளிஃபயர், கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போகலாம். சபாவில் கொடுத்திருப்பது 45 பாகைப் பெட்டிதான் என்றால், அதன் பின்பக்க அடியில் ஒரு மரக்கட்டையோ மடித்த துண்டோ கொடுத்துத் தூக்குங்கள், முகம் இறங்கும். நான் கச்சேரிக்குப் போகும்போது பையில் எப்போதும் நான்கு மரக்கட்டைகள் இருக்கும். அவற்றால் தீர்ந்த பிரச்சினைகள் விலை உயர்ந்த கருவிகளால் தீர்ந்ததைவிட அதிகம்.

அடுத்தது தூரம். ஸ்பீக்கருக்கும் காதுக்கும் உள்ள தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். ஆம்ப்ளிஃபயரின் வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டும். இதை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். 2 மீட்டர் தள்ளி 160 வாட் செய்யும் வேலையை, அரை மீட்டரில் 10 வாட் செய்துவிடும். திறந்தவெளிக் கணக்கு இது, சுவருள்ள மேடையில் சற்றே மாறும். ஆனால் நம் மாதிரி நெருங்கி உட்காரும் மேடைக்கு ஏறக்குறைய சரியாகவே வரும். 1,000 வாட் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது உச்ச அளவு, ஒரு கணம் தாங்குவது. தொடர்ந்து தரக்கூடியது அதில் பாதி இருக்கும், சிலவற்றில் அதற்கும் குறைவு. அதைவிட, ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்ற எண்ணைக் கேளுங்கள். 90 டெசிபல் தரும் பெட்டியும் 96 தரும் பெட்டியும் ஒரே ஒலியைக் கொடுக்க வேண்டுமென்றால் முதலாவதற்கு நான்கு மடங்கு மின்சாரம் வேண்டும்.

பெட்டியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்தால் மைக்குக்கும் பக்கமாகிவிடுமே, ஊளையிடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கேதான் மைக்கின் முதுகைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1966இல் வந்து இன்றுவரை எல்லா மேடையிலும் இருக்கும் ஷூர் எஸ்எம்58, இதய வடிவில் ஒலியை வாங்குகிற மைக். நேர் பின்னால் அதற்குக் காது மந்தம். ஆகவே மானிட்டர் நேராக மைக்கின் வால் பக்கம் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தின் பீட்டா 58ஏ இன்னும் குறுகலாக வாங்கும், ஆனால் அதன் மந்தமான இடம் நேர் பின்னால் இல்லை, பின்பக்கத்தின் இரு புறமும் ஏறக்குறைய 120 பாகையில் இருக்கிறது. நேர் பின்னால் அது கொஞ்சம் கேட்கவே கேட்கும். எஸ்எம்58க்குச் சரியாக இருந்த பெட்டி, மைக்கை மாற்றியதும் ஊளையிட்டால் பெட்டி கெட்டுவிட்டதாக நினைக்கிறோம். பெட்டியை ஒரு முழம் பக்கவாட்டில் நகர்த்தினால் போதும். உங்கள் மைக் எது என்று தெரியாமல் மானிட்டர் வாங்காதீர்கள். இரண்டும் ஜோடி.

மேடையில் திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கையும் முக்கியம். மைக்குகள் இரண்டு மடங்கானால், ஊளையிடாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். குரலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு, கடத்துக்கு ஒன்று, தம்புராவுக்கு ஒன்று, ஆக ஆறு. தனி ஆவர்த்தனம் வரும்வரை கடத்தின் மைக் எல்லா மானிட்டரிலும் எதற்கு? எனக்குத் தெரிந்த நல்ல மைக்செட்காரர்கள் ஏற்றுவதைவிடக் குறைப்பதில்தான் அதிக நேரம் செலவிடுவார்கள்.

கடம் என்றதும் ஒரு நிகழ்ச்சி ஞாபகம் வருகிறது. நான் தொழிலுக்கு வந்த புதிது. ஒரு கோயில் திருவிழா, திறந்தவெளி மேடை. பெரிய பெட்டி என்றால் நல்ல பெட்டி என்று நம்பியிருந்த காலம் அது. 15 அங்குல ஸ்பீக்கர் உள்ள பெட்டி ஒன்றைக் கடக்காரருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆலாபனை நடக்கும்போது மேடையில் எங்கிருந்தோ ஒரு முனகல். எல்லா மைக்கையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். கடைசியில் கடக்காரர் தன் கையைக் கடத்தின் வாயில் வைத்து மூடினார், முனகல் நின்றது. மானிட்டரின் கீழ் ஒலி பானைக்குள் புகுந்து, பானையின் காற்று அதிர்ந்து, அந்த அதிர்வை மைக் வாங்கி மறுபடி மானிட்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. கச்சேரி முடிந்ததும் கடத்தை என் கையில் கொடுத்து, "இதோட வாய்கிட்ட வாயை வெச்சு ஊம்னு சொல்லிப் பாருப்பா" என்றார். ஒரு குறிப்பிட்ட சுருதியில் மட்டும் பானை பதில் சொன்னது. நான் படித்த எந்தப் புத்தகமும் எனக்கு அப்படிப் பாடம் சொல்லவில்லை.

மிருதங்கமும் அப்படித்தான். தொப்பியின் தோல் தன்பாட்டில் அதிரக் காத்திருக்கிறது. பக்கத்தில் பெரிய பெட்டி கீழ் ஒலியைத் தள்ளினால், கை படாமலே தொப்பி முனகும், குமுக்கியின் முடிவு தெளிவாக நிற்காது. வயலினின் வயிறும் தரைக்கு அருகில்தான் இருக்கிறது. நம் வாத்தியங்கள் எல்லாமே உள்ளே காற்றை வைத்திருக்கும் பெட்டிகள். எலெக்ட்ரிக் கிடாருக்கு இந்தத் தொல்லை குறைவு. அதனால் ராக் மேடைக்கு எழுதிய ஆலோசனையை அப்படியே எடுத்து நம் மேடைக்குக் கொண்டுவரக் கூடாது.

பெரிய பெட்டி வேண்டாம் என்பதற்குப் பாடுகிறவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் குரல் உங்களுக்கு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று காற்று வழி. மற்றது தாடையும் மண்டையோடும் வழியாக நேரே உள்காதுக்கு. எலும்பு வழி வருவதில் கீழ் ஒலி தூக்கலாக இருக்கும். முதன்முதலாகப் பதிவில் தன் குரலைக் கேட்டவர் "இது நானா, இவ்வளவு மெல்லிசா?" என்று திகைப்பது அதனால்தான். அப்படியானால் மானிட்டர் உங்களுக்குத் தர வேண்டியது எது? எலும்பு ஏற்கெனவே தருவதை மறுபடி தர வேண்டாம். மேல்பாதியைத் தந்தால் போதும். அந்தப் பகுதியில்தான் சாகித்தியத்தின் எழுத்தும், கமகத்தின் விளிம்பும், சுருதியோடு சேர்கிறோமா என்ற நுட்பமும் இருக்கின்றன. ஐந்து, ஆறு அங்குல ஸ்பீக்கர் இதை நன்றாகவே செய்யும். எட்டு அங்குலம் தாராளம். வீணைக்கும் வயலினுக்கும் அதுவே. மிருதங்கக்காரர் தன் தொப்பியைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் பத்து அங்குலம், அதற்கு மேல் வேண்டாம். 15 அங்குலம் நம் மேடைக்குத் தேவையே இல்லை.

தரையில் வைத்த பெட்டியின் கீழ் ஒலியைத் தரையே கூட்டிவிடும். நல்ல பெட்டிகளில் 'மானிட்டர்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டால் கீழ் ஒலி குறையும். போஸ் எஸ்1 ப்ரோ மாதிரி சிலவற்றில், பெட்டியை எப்படி வைத்திருக்கிறோம் என்று அதுவே உணர்ந்து தொனியை மாற்றிக்கொள்கிறது. இப்படி ஒன்றும் இல்லாத பெட்டியானால் பாஸ் திருகை நீங்களே குறையுங்கள். இன்னொன்று, ஒரு மீட்டருக்குள் உட்கார்ந்து கேட்கிறவருக்குக் கீழ் ஒலி ஒரு ஸ்பீக்கரிலிருந்தும் மேல் ஒலி வேறொரு இடத்திலிருந்தும் வந்தால் இரண்டும் சேராது. தலையைச் சற்று அசைத்தாலும் தொனி மாறும். பெரிய ஸ்பீக்கரின் நடுவிலேயே சின்ன ஸ்பீக்கரை வைத்திருக்கும் 'கோ-ஆக்ஸியல்' வகை கிடைத்தால், அதற்காகக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுங்கள்.

விலை பற்றிப் பேசும்போது மற்றவர்கள் அதிகம் சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நம் சங்கீதத்தில் மௌனம் அதிகம். விளம்ப காலத்தில் ஒரு ஸ்வரத்தில் நின்று, அது அடங்கி, தம்புரா மட்டும் ஒலிக்கிற கணங்கள் உண்டு. அந்தக் கணத்தில் ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் பெட்டி 'ஸ்ஸ்' என்று இரைந்துகொண்டிருந்தால் எல்லாம் போயிற்று. விலை மலிவான ஆம்ப்ளிஃபயர் உள்ள பெட்டிகளில் இந்த இரைச்சல் தெளிவாகக் கேட்கும். சிலவற்றில் உள்ளே சூடு தணிக்கும் மின்விசிறி வேறு ஓடும். டிரம்ஸ் அடிக்கும் மேடையில் இதை யாரும் கவனிக்கப்போவதில்லை. அதனால் தயாரிப்பவர்களும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரைச்சலைவிடக் கொடியது ஹம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத இடத்தில் 50, 100, 200 என்று அதன் மடங்குகள் மானிட்டரில் முனகும். இப்போது ஐந்து கட்டையில் பாடும் ஒரு பெண் கலைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஆதார ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ், தம்புராவின் மந்தரம் 98. பக்கத்திலேயே மின்சாரம் 200இலும் 100இலும் முனகிக்கொண்டிருக்கிறது. இரண்டும் உரசி, நொடிக்கு நாலு அலையும் இரண்டு அலையுமாக அடித்துக்கொள்ளும். சேர்ந்த தம்புரா சேராத மாதிரிக் கேட்கும். பாவம், அந்தப் பெண் தம்புராவின் மணியை உருட்டிக்கொண்டே இருப்பார். ஒரு கல்யாண மண்டபத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். தம்புராமேல் எந்தப் பிழையும் இல்லை, மேடைக்குப் பின்னால் ஒரு பிளக்கில் எர்த் இல்லை. ஆகவே பெட்டியில் 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஆடியோ கேபிளின் தரையை மட்டும் பிரிக்கும். பிளக்கின் மூன்றாவது பின்னைப் பிடுங்கி எறிந்து ஹம்மை நிறுத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். வியர்த்த கையால் மைக்கைத் தொடுகிற ஓர் ஆளின் உயிர் அந்தப் பின்னில் இருக்கிறது.

பேட்டரியில் ஓடும் பெட்டி வாங்கலாமா என்று இன்று பலர் கேட்கிறார்கள். வாங்கலாம். பெட்டியின் பிளக் வழியாக ஹம் வராது, ஜெனரேட்டர் மாற்றும்போது மானிட்டர் அணையாது, கிராமத்துக் கோயிலில் பிளக் தேட வேண்டாம். நான் சொன்ன போஸ் பெட்டி ஏறக்குறைய 7 கிலோ, பேட்டரி 11 மணி நேரம் வரை வரும் என்கிறது நிறுவனம். ஒரு நாள் கச்சேரிக்குத் தாராளம். வெளிநாட்டுப் பயணம் போகிறவர்கள் மட்டும் பேட்டரியின் வாட்-மணி அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். 100 வாட்-மணியைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

ஆனால் பேட்டரிப் பெட்டியோடு ஓர் ஆசையும் சேர்ந்து வரும், ப்ளூடூத். ஒயரே இல்லாமல் மிக்ஸரிலிருந்து மானிட்டருக்கு அனுப்பிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். சாதாரண ப்ளூடூத்தில் ஒலி 100 முதல் 200 மில்லி நொடி தாமதமாக வரும். பின்சுவர் எதிரொலிக்குத் தப்பிக்கத்தான் மானிட்டர் வைத்தோம், அதே தாமதத்தைக் காசு கொடுத்துக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொள்வதா? தன் பேச்சையே அந்த அளவு தாமதத்தில் கேட்கிறவர் நாக்குக் குழறுவார், இது சோதித்துப் பார்த்த உண்மை. சாதகத்தின்போது கைபேசிச் சுருதியை ப்ளூடூத்தில் அனுப்பலாம், சுருதிக்குத் தாமதம் ஒரு பொருட்டில்லை. குரலுக்கும் லயத்துக்கும் ஒயர்தான்.

ஒயர் என்றதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சபாவுக்குச் சொந்தப் பெட்டியோடு போகிறவர், தன் மைக்கைத் தன் பெட்டியில் செருகி அங்கிருந்து அரங்கின் மிக்ஸருக்கு அனுப்ப நினைப்பார். அது முடியும், ஆனால் உங்கள் பெட்டியில் ஏதாவது கோளாறு வந்தால் அரங்கமே அமைதியாகிவிடும். மைக் நேராக மிக்ஸருக்குப் போகட்டும். அங்கிருந்து 'ஆக்ஸ்' என்ற தனி வெளியீட்டின் வழியாக ஒரு கேபிள் உங்கள் பெட்டிக்கு வரட்டும். பத்து மீட்டர் எக்ஸ்எல்ஆர் கேபிள் ஒன்றை நீங்களே கொண்டுபோங்கள். அரை மணி நேரம் முன்னதாகப் போய், "அண்ணா, எனக்கு ஒரு ஆக்ஸ் மட்டும் குடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்று சொல்லுங்கள். எந்த மைக்செட்காரரும் முகம் கோணமாட்டார். அவருக்கு ஒரு வேலை குறைகிறது.

அந்த ஆக்ஸில் என்ன வர வேண்டும்? என் அனுபவத்தில் பாடகருக்கு முதலில் சுருதி, அடுத்து தன் குரல், அப்புறம் கொஞ்சம் வயலின். மிருதங்கம் பெரும்பாலும் வேண்டாம், ஒரு மீட்டர் தள்ளி அவரே உட்கார்ந்திருக்கிறார். சரியாகக் கேட்கவில்லை என்றால் "எனக்கு ஏத்துங்க" என்று சொல்வதற்கு முன்னால் "என் மானிட்டர்ல மிருதங்கத்தைக் குறைச்சுப் பாருங்க" என்று சொல்லுங்கள். பத்துக்கு எட்டு முறை அதிலேயே சரியாகிவிடும். மேடை ஒலி குறைந்தால் அரங்கின் முதல் நாலு வரிசைக்கும் தெளிவு கூடும், ஏனென்றால் மானிட்டர்களின் முதுகிலிருந்து வழியும் கீழ் ஒலி அவர்கள்மேல்தான் போய் விழுகிறது.

காதைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நையோஷின் கணக்கில் 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணி நேரம், 100இல் கால் மணி நேரம். மூன்று மணி நேரக் கச்சேரியில் மானிட்டர் எவ்வளவு இருக்கலாம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். என்னோடு வேலை செய்த ஒருவருக்கு ஐம்பது வயதிலேயே மேல் ஒலி போய்விட்டது. தம்புராவின் ஜீவா அவருக்கு இனிக் கேட்காது. அதைச் சொல்லும்போது அவர் அழுதார். உங்களுக்கு இருபது, இருபத்தைந்து வயதுதான் ஆகிறது. தயவுசெய்து, குறைவாகக் கேட்கப் பழகுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் மைக், உங்கள் சுருதிப்பெட்டி, கீழே விரிக்க ஒரு துண்டு, மூன்றையும் எடுத்துப்போங்கள். நின்றுகொண்டு கேட்டு வாங்காதீர்கள். கடைக்காரர் சினிமாப் பாட்டைப் போட்டு அதிரவைப்பார், அதை நிறுத்தச் சொல்லுங்கள். துண்டை விரித்துச் சம்மணமிட்டு உட்காருங்கள். பெட்டியை ஒரு மீட்டரில் வையுங்கள். முதலில் எதையும் செருகாமல் திருகை முழுக்க ஏற்றிக் காது கொடுங்கள், இரைச்சல் எவ்வளவு என்று தெரியும். பிறகு சுருதியை மட்டும் விடுங்கள். ஷட்ஜமும் பஞ்சமமும் கலந்து வரும்போது உள்ளே காந்தாரம் மினுங்குகிறதா என்று பாருங்கள். மினுங்கினால் அந்தப் பெட்டிக்கு மேல் ஒலி சுத்தமாக இருக்கிறது. பிறகு மைக்கைச் செருகி, மந்தர பஞ்சமத்திலிருந்து தார ஷட்ஜம் வரை மெதுவாக அகாரம் பாடுங்கள். ஏதாவது ஒரு ஸ்வரம் மட்டும் எகிறிக் கேட்டால் அந்த இடத்தில்தான் அது நாளைக்கு ஊளையிடும்.

இந்த மேடையில் மூன்று பெட்டிகள் வைத்திருக்கிறேன், மூன்றையும் துணி போட்டு மூடியிருக்கிறேன். எது எந்த விலை, எத்தனை வாட் என்று நான் சொல்லப்போவதில்லை. மைக் ஒன்றுதான், இடம் ஒன்றுதான். மரக்கட்டைகளும் இருக்கின்றன. அந்த ஓரத்தில் தம்புராவோடு உட்கார்ந்திருக்கிறீர்களே அம்மா, நீங்கள் முதலில் வாருங்கள். என்ன கட்டை? ஐந்தா? நல்லதாகப் போயிற்று. உட்காருங்கள், சேர்த்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை. விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிற தம்பி, அந்தக் காற்றாடியைக் கொஞ்சம் நிறுத்துப்பா.